கதவோரத் தகட்டில் இருப்பது காரின் எடையா?

கேள்வி: 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதன் பழைய விளம்பரக் கையேட்டில் எடை 2,400 பவுண்டு என்று இருக்கிறது. ஓட்டுநர் கதவை ஒட்டிய தகட்டிலோ ஜி.வி.டபிள்யூ.ஆர். 2,900 பவுண்டு என்று இருக்கிறது. எது சரி? டிக்கி மூடியின் மேல் பெட்டி கட்டும் கம்பித்தட்டு பொருத்தி, இருவராக நெடும்பயணம் போகலாமா?

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. தகட்டில் உள்ளது காரின் எடை அன்று. ஆட்களும் பொருள்களும் எரிபொருளும் சேர்ந்த நிலையில் அந்தக் கார் தாங்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த மொத்த எடை வரம்பு. காரின் சொந்த எடையோடு, இருக்கை ஒன்றுக்கு 150 பவுண்டும் (68 கிலோ) சரக்குக்கான அளவும் சேர்த்தால் வரும் கூட்டுத்தொகையைவிட அந்த வரம்பு குறையக் கூடாது என்பது அமெரிக்க விதி.

கையேட்டு எண்ணைத்தான் நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பேன். ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்களுக்கு எடை குறைவு என்பது பெருமைக்குரிய செய்தியாதலால், பெட்ரோல், எண்ணெய், குளிர்விக்கும் நீர் எதுவும் இல்லாத உலர் எடையை அச்சிடும் வழக்கம் அன்று இருந்தது. உங்கள் கையேடும் அப்படியே எனக் கொண்டால், 50 லிட்டர் டாங்கில் பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 37 கிலோ. மற்றத் திரவங்களையும் கூட்டினால் சுமார் 50 கிலோ, அதாவது 110 பவுண்டு. ஆக, ஓட்டத் தயாரான கார் 2,510 பவுண்டு. மிச்சம் 390 பவுண்டு, அதாவது 177 கிலோ. தலா 75 கிலோ எடையுள்ள இருவர் ஏறி அமர்ந்தபின் பெட்டிக்கு எஞ்சுவது 27 கிலோதான், கம்பித்தட்டின் எடையையும் உள்ளடக்கி.

மொத்த வரம்புக்குள் இருந்தாலும் பின் ஆக்சில் தன் வரம்பை மீறிவிடலாம். தகட்டில் ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்று முன், பின் ஆக்சில்களுக்குத் தனித்தனியே எழுதியிருப்பது இதற்காகத்தான். கம்பித்தட்டு பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் சுமை நெம்புகோலாக வேலை செய்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 230 செ.மீ., பின்சக்கர மையத்திலிருந்து பெட்டி 70 செ.மீ. பின்னே என்றால், 27 கிலோ பெட்டி பின் ஆக்சிலில் 35 கிலோவாக இறங்குகிறது. முன் ஆக்சிலோ 8 கிலோ இலேசாகிறது. வளைவில் ஸ்டீயரிங்கின் பிடிப்பு குறைந்ததாகத் தோன்றுவது இதனால்தான். கனமான பொருள்களை இருக்கைக்குப் பின்னேயே வைத்து, துணிமணிகளை மட்டும் தட்டில் கட்டுங்கள்.

கேள்வி: கடினமான ஸ்பிரிங்குகளும் பெரிய பிரேக்குகளும் மாற்றினால் வரம்பு உயருமா?

பதில்: உயராது. ஆக்சில், பேரிங், சட்டகம், சக்கரம், டயர் ஆகியவற்றுள் எது மிகவும் பலவீனமானதோ அதுவே வரம்பைத் தீர்மானிக்கும். ஸ்பிரிங் மாற்றினால் பின்பகுதி தாழாது; சுமையைத் தாங்குகிற பேரிங் மாறிவிடவில்லை. ஆனால், தவறான டயரால் உண்மையான தாங்குதிறன் குறையக்கூடும். பழைய டயர்களின் அளவுக் குறியீட்டில் 185/70 எச்.ஆர். 14 என்பது போல அளவும் வேகக்குறியும் இருக்கும், சுமை எண் இராது. இன்றைய டயரின் குறியீட்டிலோ சுமை எண்ணும் உண்டு. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ. 88 என்றால் 560 கிலோ. இரண்டு டயர்களின் கூட்டுத்தொகை அந்த ஆக்சிலின் வரம்பைவிடக் குறையக் கூடாது.

கேள்வி: காரை டிரெய்லரில் ஏற்றிச் செல்ல எந்த எடையைக் கணக்கில் எடுப்பது?

பதில்: மேற்சொன்ன எதையும் அன்று. டாங்கை நிரப்பி, எடை மேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு முழுக் காரையும் நிறுத்தி எடை பாருங்கள். கழித்தால் பின் ஆக்சிலின் சுமை கிடைக்கும். அந்த முழு எடையோடு டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டி, இழுக்கும் வண்டியின் இழுவை வரம்போடு ஒப்பிட வேண்டும்.