பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு: ஹாட் ஹேட்ச் வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஊரில் அப்பாவின் பழைய இன்னோவாவையும் பிறகு ஸ்கார்பியோவையும் ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள், இங்கே ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது சாதாரண சிறிய காரின் வேகமான வடிவமான ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி.யின் மேல் கண் விழுந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உடன் வேலை செய்பவர்களோ, ஓட்டத் தெரிந்தவன் பின்சக்கரங்கள் இயக்கும் காரைத்தான் வாங்குவான், முன்சக்கர இயக்கம் கடைக்குப் போய்வர மட்டுமே உதவும் என்கிறார்களாம். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

ஃபியஸ்டாவையே வாங்குங்கள். ஆனால் இந்நாட்டு லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் ஓட்டுவதைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நான் ஷெஃபீல்டில் குடியேறி நெடுநாள் ஆகிறது. பின்சக்கர இயக்கமுள்ள ஜெர்மன் செடான் ஒன்றைப் பல ஆண்டுகள் ஆசையாக ஓட்டிவிட்டு, 2018இல் அறிமுகமான ஃபியஸ்டா எஸ்.டி.க்கு மாறியவள். உங்கள் இன்னோவாவில் வேலை பிரிந்திருக்கிறது. முன் டயர்கள் திருப்புகின்றன, பின் டயர்கள் தள்ளுகின்றன. ஃபியஸ்டாவில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் டயர்கள் இரண்டின் தலையில்தான் விழுகின்றன. தரையைப் பற்றிக்கொள்ள ஒரு டயருக்கு இருக்கும் பிடிக்கு ஒரு வரம்பு உண்டு. வளைவில் திரும்புவதற்கே அந்தப் பிடி முழுவதும் செலவாகிவிட்டால், இழுப்பதற்கு மிச்சம் இருக்காது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், காரின் மூக்கு வளைவை விட்டு வெளிப்பக்கம் நகரும்.

பின்சக்கரக் காரில் பழகியவருக்கு அப்போது கை தானாக ஸ்டியரிங்கை இன்னும் வளைக்கும். அது நிலைமையை மோசமாக்கும். செய்ய வேண்டியது, காலை மெல்லத் தளர்த்துவதுதான். எடை முன்னே வந்து டயர்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும், மூக்கு உள்ளே திரும்பும். மெல்ல என்று சொன்னதை மறந்துவிடாதீர்கள். வளைவின் நடுவில் பயந்து காலைப் படக்கென்று எடுத்தால், எடை முழுவதும் முன்னே பாய்ந்து பின்பகுதி லேசாகிவிடும், வால் சுழன்று வரும். 1984இல் வந்த பியூஜோ 205 ஜி.டி.ஐ. இந்தக் குணத்துக்காகவே இன்றும் பேசப்படுகிறது. இப்போதைய கார்களில் அதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடுகள் உண்டு. ஆனாலும் ஈரமான சாலையில் அவற்றை நம்பிக் காலைப் பழக்காமல் விடுவது சரியில்லை.

ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்பே, நேரான சாலையிலேயே முடித்துவிடுங்கள். பிறகு திருப்புங்கள், காத்திருங்கள். வளைவின் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்து, ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்கும்போது காலை அழுத்துங்கள். இந்தப் பொறுமையைக் கால் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். கற்றுக்கொண்ட பிறகு கிடைக்கும் மகிழ்ச்சி மிகப் பெரியது.

இங்கே டிஃபரன்ஷியலை, அதாவது எஞ்சினின் சக்தியை இடவலச் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பாகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில், வளைவின் உட்பக்கச் சக்கரம் எடை குறைந்து வழுக்கத் தொடங்கினால் எஞ்சினின் சக்தி அங்கேயே வீணாகச் சுழன்று போகும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இருந்தால், அந்தச் சக்தியில் பெரும்பகுதி பிடிப்புள்ள வெளிச்சக்கரத்துக்குப் போய், காரின் மூக்கை வளைவுக்குள் இழுத்துவிடும். ஸ்விண்டனில் 2017 முதல் தயாரான ஹோண்டா சிவிக் டைப் ஆரில் இது எல்லாக் கார்களிலும் உண்டு. ஃபியஸ்டா எஸ்.டி.யில் பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பை வாங்கியவர்களுக்குத்தான் கிடைத்தது. பழைய கார் பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம், இதில் வேண்டாம்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். 200 குதிரைத் திறனும் 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் முன் சக்கரங்கள் வழியாகவே வெளியேற வேண்டும். இரண்டாம் கியரில், மேடுபள்ளமான கிராமச் சாலையில் டர்போ வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் இடமும் வலமுமாக இழுக்கும். இதை டார்க் ஸ்டியர் என்பார்கள். இரண்டு கைகளாலும் அமைதியாகப் பிடித்திருங்கள், எதிர்த்துப் போராடாதீர்கள். இதை ஒரு குறையாக எழுதுகிறார்கள். எனக்கு அது டயருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கார் கையில் சொல்லும் செய்தியாகவே தோன்றுகிறது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் பின்சக்கர இன்பம் பொய்யில்லை. ஸ்டியரிங்கில் எஞ்சினின் தொந்தரவு இல்லாத அந்தத் தூய்மையை நானும் நேசித்தேன். ஆனால் 300 குதிரைத் திறனுள்ள கனமான காரின் உண்மையான சுவை எந்த வேகத்தில் தெரியும்? இங்கே நடுத்தடுப்பில்லாத கிராமச் சாலையில் வரம்பு மணிக்கு 60 மைல், மோட்டார்வேயில் 70 மைல். ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஏ57 சாலையில், ஸ்னேக் பாஸ் கணவாயில், இருபுறமும் கற்சுவர், திருப்பத்தில் எதிரே ஆட்டுமந்தை நிற்கலாம். அப்படிப்பட்ட சாலையில், 1,300 கிலோவுக்குள் அடங்கும் சிறிய கார் நாற்பது மைல் வேகத்திலேயே உயிர்பெற்றுவிடுகிறது. தடத்துக்குள் அகலமாக இடம் மிச்சமிருக்கிறது. எட்டிப் பார்க்க முடியாத எல்லையைத் தேடி யாருடைய உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. 1970களில் கோல்ஃப் ஜி.டி.ஐ. தொடங்கிவைத்த இந்த வகைக் கார் இந்த நாட்டு மக்களுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இந்தச் சாலைகளே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பனிக்காலமும் முன்சக்கரத்தின் பக்கம்தான். எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால், வழுக்கும் ஏற்றத்தில் கிளம்புவது எளிது. எங்கள் ஊர் முழுவதும் குன்றுகள். செடான் வைத்திருந்த காலத்தில் பனி விழுந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போவேன். பிரேக் போடும்போது மட்டும் எந்தச் சக்கரம் இயங்கினாலும் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். இங்கே குளிர்கால டயர் கட்டாயமில்லை, ஆனால் நல்ல ஆல் சீசன் டயர் நான்கு போட்டுவிடுங்கள். முன் டயர்கள் சீக்கிரம் தேயும். இரண்டை மட்டும் மாற்றினால், நல்ல ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் வால் சுழலாமல் காப்பது அந்தப் பின் டயர்கள்தான்.

இனி லைசென்ஸ். இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். ஊரைப் போலவே இடப்பக்கச் சாலை, வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் கைக்குப் பழக்கம் மாறாது. ஆனால் அந்த ஓராண்டுக்குள் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதி முடித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதாதீர்கள். எழுதினால் கியர் கார் ஓட்ட உரிமை கிடைக்காது, ஃபியஸ்டா எஸ்.டி. கியர் கார்தான். தேர்ச்சி பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் சாலை விதி மீறலுக்கான தண்டனைப் புள்ளிகள் ஆறு சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகும். ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். வேக மீறலுக்குக் குறைந்தது மூன்று புள்ளிகள். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் ஒரேயடியாக ஆறு. வேகமான காரை முதல் காராக எடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இன்சூரன்ஸ் உங்களை உண்மையிலேயே அதிரவைக்கும். இந்திய லைசென்ஸோடு, இங்கே விபத்தில்லா ஆண்டுகள் எதுவும் இல்லாமல், ஹாட் ஹேட்சுக்கு விலை கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். ஓராண்டு ஒரு சாதாரண சிறிய காரை ஓட்டிச் சலுகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர் பெயரில் எடுத்து உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். முக்கியமாக ஓட்டப்போவது நீங்கள் என்றால் அது மோசடி. விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். முன்னாள் உரிமையாளர் எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருந்தால் அதையும் நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும். நான் அப்படிப்பட்ட காரைத் தொடவே மாட்டேன்.

காரின் எண்ணை அரசு இணையதளத்தில் இட்டால் கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையின் வரலாறு இலவசமாகத் தெரியும். டயர், சஸ்பென்ஷன் பற்றிய குறிப்புகளை ஆண்டுவாரியாகப் படியுங்கள். ஃபியஸ்டாவின் தயாரிப்பு 2023இல் நின்றுவிட்டது, அதனால் நன்றாகப் பராமரித்த காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பார்க்கப் போகும் நாள் மழை நாளாக இருந்தால் நல்லது. ரவுண்டானாவிலிருந்து வெளியேறும்போது, சாலை வெறிச்சோடியிருந்தால், இரண்டாம் கியரில் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறகு நான்கு டயர்களும் ஒரே தயாரிப்பா, முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டயரில் மிச்சம் பிடித்த உரிமையாளர் எஞ்சின் ஆயிலிலும் மிச்சம் பிடித்திருப்பார்.