'எனக்குப் பசிக்கிறது' – எழுவாய் எங்கே?

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. மொழியியல் முதலாண்டு படிக்கிறேன். அமைப்பியல், மாற்றிலக்கணம், சமூக மொழியியல் என்று பாடத்தில் வரிசையாக வருகின்றன. பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடம் ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் முந்தையது போதாது என்றே தொடங்குகிறது. இவற்றில் எது சரி? எதைக் கொண்டு தமிழைப் பார்ப்பது?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

ஆண்டுகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் எழுவாய் எது?

பள்ளியில் படித்தபடி எழுவாய் முதல் வேற்றுமையில் வர வேண்டும். 'எனக்கு' நான்காம் வேற்றுமை. தோன்றா எழுவாய் என்று சொல்லித் தாண்டிவிடவும் முடியாது. 'நான் பசிக்கிறது' என்று யாரும் பேசுவதில்லை. அமைப்பியலார் வடிவத்தைப் பார்ப்பார்கள். எனக்கு, உனக்கு, அவர்களுக்கு என்று எதைப் போட்டாலும் 'பசிக்கிறது' மாறுவதில்லை. ஆகவே வினைக்கும் 'எனக்கு' என்பதற்கும் இயைபு இல்லை. சரி, அதுவரை நல்ல கவனிப்புதான்.

சாம்ஸ்கி 1957-இல் தொடங்கிவைத்த மாற்றிலக்கண வழியில் வந்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். உருபு இருக்கட்டும், அந்தச் சொல் வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது? இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

ராணி கமலாவுக்குத் தன் புடவையைக் கொடுத்தாள்.
கமலாவுக்குத் தன் வேலை பிடிக்கவில்லை.

முதல் வாக்கியத்தில் புடவை ராணியுடையது. 'தன்' எழுவாயைத்தான் தேடிப்போகிறது. கமலா பக்கத்திலேயே இருந்தும் அவளைத் தொடவில்லை. இரண்டாவதில் அதே 'கமலாவுக்கு', அதே உருபு. ஆனால் 'தன்' இப்போது கமலாவைச் சுட்டுகிறது. ஓர் எழுவாய்க்குக் கிடைக்கும் உரிமை அவளுக்குக் கிடைத்துவிட்டது! உருபை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. முதன்முதலில் இது புரிந்த அன்று நான் வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

அப்புறம், ஏன் இப்படி ஒரு அமைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பசி, கோபம், காய்ச்சல், தெரிதல், பிடித்தல்: இவை நாம் நினைத்துச் செய்பவை அல்ல, நமக்கு நேர்பவை. செயல்பாட்டு இலக்கணத்தார் இந்தப் பொருள் பக்கத்திலிருந்து வருவார்கள். சமூக மொழியியலார், வீட்டில் 'பசிக்குது' என்பவர் மேடையில் ஏன் 'பசிக்கிறது' என்கிறார் என்று கேட்பார்கள். மொழியியலாளர் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு, அதாவது வீட்டுப் பேச்சுக்கு ஒரு வடிவம், மேடைக்கும் எழுத்துக்கும் வேறொரு வடிவம் என்ற நிலை, பற்றி எழுதியது அங்கே உதவும்.

இந்திக்காரரும் 'முஜே பூக் லகீ ஹை' என்று 'எனக்கு' போட்டுத்தான் சொல்கிறார். வேறு குடும்பத்து மொழி, ஆனாலும் அதே வார்ப்பு. மொழியியலாளர் எமனோ 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாக, அதாவது வெவ்வேறு குடும்பத்து மொழிகள் நெடுங்காலம் பழகி ஒன்றையொன்று ஒத்துவிட்ட பகுதியாக, பார்க்கச் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த அமைப்பையும் அதற்குச் சான்றாகச் சேர்த்தார்கள்.

எது சரி என்று கேட்டீர்கள். எழுவாய் எது என்பது உங்கள் கேள்வியானால் 'தன்' சோதனையோடு தொடங்குங்கள். வீட்டில் பேச்சு ஏன் மாறுகிறது என்பது கேள்வியானால் அந்தச் சோதனை உதவாது, ஆட்களிடம்தான் போக வேண்டும். ஒரு வாரம் உங்கள் வீட்டில் 'அவளுக்கு', 'அவனுக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைக் குறித்துவைத்து, ஒவ்வொன்றிலும் 'தன்' பொருந்துகிறதா என்று பாருங்கள். 'அவளுக்கு வயசாயிடுச்சு' என்று யாராவது சொல்வார்கள். அதில் என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.