கணக்கு நோட்டில் இருக்கும் அரைப் பக்கம்

அன்புள்ள ஐயா,

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை என் பொறுப்பு. கடந்த ஓராண்டில் ஆசிரியராக எப்படி வளர்ந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். போய்வந்த பயிற்சிகளையும் வாங்கிய சான்றிதழ்களையும் வரிசையாக எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது, இணையவழிப் பயிற்சி, கூட்டம் என்று வேலைதான் வளர்ந்திருக்கிறது. நான் வளர்ந்தேனா என்பதை எதை வைத்துச் சொல்வது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள டீச்சர்,

அந்த அரைப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள், அலுவலகத்துக்கு அது போதும். மீதி அரைப் பக்கத்தை உங்களுக்காக எழுதுங்கள். அதற்கு வேண்டியது பிள்ளைகளின் கணக்கு நோட்டில் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு நோட்டில் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று ஒரு பிள்ளையாவது எழுதியிருக்கும். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5. அப்புறம் ஐந்தில் இரண்டு போக 3. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய நம்பர்ல இருந்துதானே டீச்சர் சின்னதக் கழிக்கணும்?" என்று பதில் வரும். அது முந்தைய வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்த விதி. பிள்ளை அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 52 என்றால் ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பதுதான் இன்னும் மனதில் ஏறவில்லை. இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் தப்புதான் பழகும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால் உதிரி பன்னிரண்டாகிவிடும். அதில் ஏழை எடுப்பது பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை.

முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான். காதில் விழுந்த வரிசையிலேயே 300 போட்டு, பக்கத்தில் 5 போடுகிறது.

ஜூன் மாதத்தில் வெறும் தப்பாகத் தெரிந்த ஒன்று, ஏப்ரலில் இன்ன யோசனையால் வந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் வளர்ந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஓர் ஆசிரியரின் ஓராண்டை அளக்க இதைவிட நல்ல அளவு கிடையாது.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிக்க 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது நல்ல விஷயம். ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டது அது. ஒரு பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தது செயலியில் பதிவாகிவிடும். எதனால் வந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதை எழுதுங்கள். எத்தனை முயன்றும் அரும்பிலேயே நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றியும், நீங்கள் என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதையும் அவசியம் எழுதுங்கள்.

தேசிய கல்விக் கொள்கை 2020, ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனாலும் பயிற்சியை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் வேறொரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். யார் எந்த இடத்தில் தடுமாறினார்கள், ஏன் என்று பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் நம் குறுவள மையக் கூட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆளுக்கொரு நோட்டைக் கொண்டுவந்து, அதில் ஒரு தப்பை மட்டும் வைத்துப் பேசினாலே போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்டால், அது நியாயம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழுகிறது. பதிவு வேலைக்கு நேரம் ஒதுக்கும் துறை, நோட்டைப் பார்த்துப் பிள்ளையோடு பேசவும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். அதைக் கொடுக்காமல் வளர்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டத்தில் இதையும் எழுந்து சொல்லுங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஆமாம் என்பார்.

சரி, அந்த மீதி அரைப் பக்கத்தை எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு இங்கே வெளியிடுகிறேன். 52-இல் 27 போக 35 என்று எழுதிய நோட்டு இன்னும் பல மேசைகளில் கிடக்கும்.

அன்புடன்.