ட்ராக் ப்ரீசெட்டும் மிடி எஃபெக்ட்டும் பாவித்தால் அது நம் இசை இல்லையா?

கேள்வி: "ஆறு மாதமாக கியூபேஸ் (கொம்பியூட்டரில் இசை அமைக்கும் ஸொஃப்ட்வெயர்) பழகுகிறேன். ட்ராக் ப்ரீசெட், ஆர்பெஜியேட்டர் எல்லாம் பாவித்தால் அது சொந்த இசை இல்லை என்கிறார் என் மாஸ்டர். உண்மையா?"

இதே வசனத்தை எனக்கும் ஒருவர் சொன்னார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் அறையில் இருந்துகொண்டு, பாட்டு முடியும்வரை தலையாட்டிக் கேட்டவர். எழும்பிப் போகும்போது ஸ்கிரீனைப் பார்த்தார். மிடி இன்சர்ட்டில் (சவுண்டை அல்ல, நோட் குறிப்புகளை மாற்றும் எஃபெக்ட்டுகளைப் போடும் இடம்) ஆர்பெஜியேட்டர் போட்டிருப்பதைக் கண்டதும், "ஓ, இது நீர் வாசிச்சது இல்லையா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவர் வயதில் மூத்தவர், மேடையில் முப்பது வருடம் கீபோர்ட் வாசித்தவர். ஆகவே அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தப் பாட்டில் சி மைனரிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்குப் போகும் இடத்தில் மேலே உள்ள ஜி சுரத்தை விடாமல் பிடித்திருந்தேன். கோர்ட் மாறுகிறது, அந்த ஒரு விரல் மட்டும் மாறாமல் நிற்கிறது. அவர் தலையாட்டிய இடமே அதுதான். ஆர்பெஜியேட்டர் செய்தது, நான் பிடித்த சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதினாறில் ஒன்றாக ஓடவிட்டது மட்டும்தான். எந்தச் சுரத்தைப் பிடிப்பது, எப்போது விரலை எடுப்பது என்று அதற்குத் தெரியாது. ட்ராக் ப்ரீசெட்டும் அப்படித்தான். இன்ஸ்ட்ருமெண்ட் ட்ராக்கில் அதன் சவுண்ட், இன்சர்ட், ஈகியூ (கனத்த சத்தத்தையும் கூர்மையான சத்தத்தையும் கூட்டிக் குறைப்பது) எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். ஒரு நோட்டைக்கூட வைத்திருக்காது. நோட் நீங்கள்தான் போடவேண்டும்.

எல்லாவற்றையும் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் இதையும் சோம்பேறித்தனம் என்பார்கள், தெரியும். நான் ப்ரீசெட்டையோ மிடி எஃபெக்ட்டையோ கண்ணை மூடிக்கொண்டு பாவிக்கச் சொல்லவில்லை. அப்படிப் பாவித்து இரண்டு தடவை நன்றாகப் பட்டிருக்கிறேன்.

முதலாவது, குரல். சேர்ச் பாட்டு ஒன்று, பதினொரு வயதுப் பிள்ளை பாடியது. யாரோ நெட்டில் கொடுத்த குரல் ப்ரீசெட்டை அப்படியே போட்டேன். அதில் கொம்ப்ரெஸரின் (சத்தம் கூடும் இடத்தைத் தணிப்பது) த்ரெஷோல்ட், அதாவது அது வேலை தொடங்கும் சத்த அளவு, மைனஸ் 18 டெசிபெல். என் ரெக்கோர்டிங் அதைவிட மெதுவாக இருந்தது, மைனஸ் 24-ஐத் தாண்டவில்லை. அதனால் கொம்ப்ரெஸர் ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை, மீட்டர் முள் அசையாமல் கிடந்தது. ஈகியூவோ மங்கலான ஆண் குரலுக்குச் செய்தது போல, 8 கிலோஹேர்ட்ஸ் பக்கம் நன்றாகத் தூக்கியிருந்தது. அந்தப் பிள்ளை 'ஸ்தோத்திரம்' என்று பாடும் ஒவ்வொரு தடவையும் 'ஸ்' காதைக் குத்தியது. மூன்று நாள் மைக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை மைக்கில் இல்லை. ப்ரீசெட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத என்னில்தான். இப்போது எந்த ப்ரீசெட் போட்டாலும் முதலில் த்ரெஷோல்ட்டைக் குரலின் அளவுக்கு இறக்குவேன் அல்லது ஏற்றுவேன், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. 2022. மார்ச் கடைசியில் இலங்கையில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது, ஞாபகம் இருக்கும். ஒரு சிநேகிதரின் தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை பொம்பிளை மண்டபத்துக்குள் வரும்போது போடுவதற்குப் பாட்டு. லப்டொப் பட்டரி ஒன்றரை மணித்தியாலம்தான் நிற்கும். நான் முன்பே செய்து சேவ் பண்ணி வைத்திருந்த ட்ராக் ப்ரீசெட்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு முடிந்தே இருக்காது. ஸ்ட்ரிங்ஸ், பேஸ், குரல் எல்லாம் இரண்டு நிமிடத்தில் வந்து நின்றன. மிச்ச நேரம் முழுக்க மெட்டுக்கு. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

சரி, மேடையில் கீபோர்ட்காரர் தன் கீபோர்டில் ஓடவிடுவதற்கு மிடி ஃபைல் (சவுண்ட் இல்லாமல் நோட் குறிப்புகள் மட்டும் உள்ள ஃபைல்) கேட்டார். எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினேன். எக்ஸ்போர்ட் பண்ணும்போது வரும் பெட்டியில் 'எக்ஸ்போர்ட் இன்சர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை டிக் பண்ணவில்லை. அந்தப் பாட்டிலும் கோர்ட்டை ஓடவிட்டது ஆர்பெஜியேட்டர்தான், மிடி எஃபெக்ட் பாட்டு ஓடும்போதே நோட்டை மாற்றுவது. ட்ராக்கில் எழுதியிருப்பது நான் பிடித்த நீண்ட கோர்ட் மட்டும்தான். மண்டபத்தில் பொம்பிளை வாசலுக்கு வந்துவிட்டா, கீபோர்டில் வெறும் நீண்ட கோர்ட் நிற்கிறது, ஓட்டமே இல்லை. கீபோர்ட்காரர் ஒரு வினாடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது கையால் தானே அந்த ஓட்டத்தை வாசிக்கத் தொடங்கினார். அந்த மனிதருக்கு என் கடன் தீரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இடது வலது லொகேட்டரை வைத்து 'மெர்ஜ் மிடி இன் லூப்' கொடுத்து, இன்சர்ட்டையும் சேர்க்கச் சொல்வேன். ஆர்பெஜியேட்டர் ஓடவிட்டதெல்லாம் உண்மையான நோட்டாகக் கீ எடிட்டரில் (நோட்டைத் திருத்தும் ஜன்னல்) வந்து இறங்கும். அதில் பிடிக்காததை அழிப்பேன், வெலோசிட்டியை (நோட்டை எவ்வளவு பலமாக அழுத்தியது என்ற அளவு) கூட்டிக் குறைப்பேன். எல்லா நோட்டும் 100-இல் நின்றால் மெஷின் வாசிப்பது போலத்தான் கேட்கும். நான் ஒன்று 70, ஒன்று 92 என்று கையால் மாற்றுவேன். மூத்தவர் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

நம் சங்கீதத்துக்கு மிடி எஃபெக்ட் சரிவராது என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வயலின் ஆசிரியை சங்கராபரணத்தில் வாசித்தபோது என் பின்னணி கோர்ட் அவருடைய காந்தாரத்தோடு உரசியது. அவர் வாசித்தது சரி. சுத்தமான அந்தர காந்தாரம் கீபோர்ட் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). மைக்ரோ ட்யூனர் என்ற மிடி எஃபெக்ட்டில் பன்னிரண்டு சுரத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் உண்டு. சி-யை ஷட்ஜமாக வைத்து, காந்தாரமான ஈ-யை மட்டும் 14 சென்ட் இறக்கினேன், உரசல் நின்றுவிட்டது. எல்லா இன்ஸ்ட்ருமெண்ட்டும் இதை ஏற்காது, முதலில் ஒரு சுரம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இதில் வராது என்று யாரும் எழுதவேண்டாம், எனக்கும் தெரியும். கமகத்துக்கு வயலின்தான் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனதில் கிடப்பதால் எழுதுகிறேன். அந்தக் கல்யாண நிகழ்ச்சியை ஒழுங்குசெய்தவர்கள் பேசிய காசில் பாதிதான் தந்தார்கள். "கொம்பியூட்டர்தானே வாசிச்சது" என்றார்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது. ஸொஃப்ட்வெயருக்கு நாங்கள் டொலரில் கட்டுகிறோம். பாட்டுக்கு இன்றும் 2019-இல் கேட்ட விலையைத்தான் தருகிறார்கள். மைக்கின் விலையைக் கேட்டுவிட்டு யாராவது பாட்டின் விலையைப் பேசட்டும்.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை மாஸ்டரிடம் போகும்போது ஆர்பெஜியேட்டரை ஓஃப் பண்ணிவிட்டு, அந்த கோர்ட்களை மட்டும் கையால் வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கோர்ட்டுக்கு ஏன் போனீர்கள் என்று சொல்லுங்கள். அவர் குறை சொன்னால் கோர்ட்டைப் பற்றிச் சொல்வார், அது உங்களுக்கு உதவும்.