கடலோர வீடு 25,000 டாலர் மலிவு: வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஃப்ளோரிடாவில், டாம்பாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம், இரண்டு குழந்தைகள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் ஒரு வீடு 4,75,000 டாலருக்கு வருகிறது. ஹெலீன் புயலுக்குப் பிறகு தரை, கிச்சன் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் வெஸ்லி சேப்பலில் இதே அளவு வீடு 5,00,000. கடலோர வீட்டுக்கு வீட்டு இன்சூரன்ஸ் வருடம் 5,200 (சிட்டிசன்ஸ் என்ற மாநில அரசு ஏற்பாட்டு இன்சூரன்ஸில்), வெள்ள இன்சூரன்ஸ் 2,100. வெஸ்லி சேப்பல் வீட்டுக்கு 2,900, 600. விற்பவரின் வெள்ள பாலிசியை அப்படியே எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமாம். "அதான் இன்சூரன்ஸ் இருக்கே, என்ன பயம்?" என்கிறார் கணவர். வாங்கலாமா சார்?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம்மா. உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைக் காட்டுங்கள், ஏனென்றால் அவர் கேட்பது நியாயமான கேள்வி, பதில்தான் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த 2,100. இது அந்த வீட்டின் ஆபத்துக்கான விலை என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 2021 அக்டோபரில் கட்டணக் கணக்கை மாற்றியது. ஒவ்வொரு வீடும் தண்ணீருக்கு எவ்வளவு பக்கம், எவ்வளவு உயரம் என்று பார்த்து விலை போட்டார்கள். ஆனால் ஏற்கெனவே பாலிசி வைத்துக் குடியிருப்பவர்களுக்கு ஒரே அடியாக ஏற்ற முடியாது, வருடத்துக்கு 18 சதவீதம்தான் உச்சவரம்பு. விற்பவர் அந்தப் படிக்கட்டில் பாதியில் நிற்கிறார், மீதியை நீங்கள் ஏறப்போகிறீர்கள். வருடம் 18 சதவீதம் ஏறினால் ஆறாவது வருடம் 2,100 என்பது 4,800 ஆகிவிடும். மற்ற எல்லாம் இன்றைய விலையிலேயே நிற்கும் என்று வைத்து, கடன் வட்டியில் மிச்சமாகும் தொகையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், ஏழாவது வருடத்தில் அந்த 25,000 டாலர் லாபம் காலி. ஒரு புயல்கூட வராமலேயே.

வந்தால்? புயல் டிடக்டிபிள் பெரும்பாலும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 4,00,000 என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. புயலில் வீட்டு இன்சூரன்ஸ் காற்றுச் சேதத்துக்குத்தான், கடல் உள்ளே வந்தால் வெள்ள பாலிசிதான் பேசும், அதிலும் கட்டடத்துக்கு 2,50,000, பொருட்களுக்குத் தனியாக எடுத்தால் 1,00,000, அதற்கு மேல் கிடையாது. வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகைக்கு அந்த பாலிசியில் ஒரு டாலர்கூடக் கிடையாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஹெலீனுக்கு அடுத்த வாரம், 2024 அக்டோபர் முதல் நாட்களில், அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு. வீட்டுக்குள் தரையிலிருந்து இடுப்பளவுவரை சுவர்ப் பலகையை அறுத்து எடுத்திருந்தார்கள், உள்ளே மரச்சட்டம் தெரிந்தது. நவராத்திரிக்கென்று பரணிலிருந்து இறக்கி ஹாலில் வைத்திருந்த கொலு பொம்மைப் பெட்டிகள் அப்படியே ஊறி, காகிதக்கூழ் பொம்மைகள் எல்லாம் களியாகிவிட்டன. தெருவோரம் குவித்த சோபாவும் மெத்தையும் அள்ளி முடிப்பதற்குள் அக்டோபர் 9-ஆம் தேதி மில்டன் புயல் வந்தது. அவர்கள் எட்டு மாதம் வீட்டுக் கடன் தவணையும் கட்டினார்கள், அபார்ட்மென்ட் வாடகையும் கட்டினார்கள்.

இன்னொன்று, 50 சதவீத விதி. வெள்ள அபாயப் பகுதியில் பழுது பார்க்கும் செலவு கட்டடத்தின் மதிப்பில் (நிலத்தைக் கழித்து) பாதியைத் தொட்டால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்த வேண்டும். அதற்கு வெள்ள பாலிசி கூடுதலாகத் தருவது அதிகபட்சம் 30,000. புதுத் தரை, புதுக் கிச்சன் என்று சொன்னீர்களே, அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது, அந்த வேலைக்கு பெர்மிட் வாங்கினார்களா என்று கேளுங்கள். ஷோர் ஏக்கர்ஸ் 2023-இல் இடாலியா புயலுக்கும் மூழ்கிய இடம்.

சிட்டிசன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவைத் துடைத்துப்போட்ட பிறகு பல கம்பெனிகள் திவாலாயின, மீதி பேர் கடலோரம் என்றாலே ஒதுங்கினார்கள். அந்த இடைவெளியை அடைக்க வந்த ஏற்பாடுகள்தான் 2002-இல் சிட்டிசன்ஸ் ஆயின. கையில் பணம் போதாமல் போனால் முதலில் அதன் வாடிக்கையாளர்களிடம், அதாவது உங்களிடம், கூடுதல் கட்டணம் வாங்கும். அதுவும் போதாவிட்டால் மாநிலத்தில் கிட்டத்தட்ட எல்லா இன்சூரன்ஸ் பில்லிலும், கார் இன்சூரன்ஸ் உட்பட, குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாக ஏறும். 2004, 2005 புயல்களின் பற்றாக்குறையை 2015 வரை இப்படித்தான் வசூலித்தார்கள். ஆர்லாண்டோவில் வாடகைக்கு இருந்துகொண்டு, வேலைக்குப் போக ஒரு பழைய கார் மட்டும் வைத்திருப்பவர்கூடக் கடற்கரை வீட்டுக்காகக் கட்டினார். மத்திய வெள்ளத் திட்டத்திலும் இதே கதைதான், 2017-இல் அதன் கடனில் 1,600 கோடி டாலரை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கடலைப் பார்க்காதவர்கள் கட்டும் பணத்தால் பிரீமியம் குறைவாகத் தெரிகிறது, குறைவாகத் தெரிவதால் இன்னும் நாலு பேர் அங்கேயே வீடு வாங்குகிறார்கள், அடுத்த புயலில் நஷ்டம் இன்னும் பெரிதாகிறது. அந்த உதவி இப்போது மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது, விலகும் நேரத்தில் நீங்கள் உள்ளே போகிறீர்கள்.

தவிர, தனியார் கம்பெனி ஒன்று சிட்டிசன்ஸ் விலையைவிட 20 சதவீதம் வரை அதிகமாகக் கேட்டாலும், அங்கே மாறிவிட வேண்டும் என்பது விதி. 5,200 நிரந்தரம் இல்லை.

சரி, அந்த வீடு அவ்வளவு பிடித்துவிட்டதா? கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் வெள்ள விவரப் படிவத்தை வாங்குங்கள். முன்பு க்ளெய்ம் செய்திருந்தால் அதில் சொல்லியாக வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து சட்டம் அப்படி. வீட்டுத் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் உயரச் சான்றிதழையும் கேளுங்கள். ஏஜென்டிடம், "பழைய பாலிசியை மாற்றாமல் புதிதாக எடுத்தால் இந்த வீட்டுக்கு வெள்ள பிரீமியம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து மாதக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். குறைக்க மாட்டேன் என்றால் வெஸ்லி சேப்பல் வீட்டையே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து கடற்கரைக்குச் சனிக்கிழமை காலையில் காரில் போய் வரலாம்.