ஆற்றைக் கண்காணிக்கும் வேலைக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி: டர்பனில் உயிரியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் என் மகள், ஆற்றுச் சூழலியல் ஆய்வாளராகி ஒரு கண்காணிப்பு நிலையத்தை நடத்த வேண்டும் என்கிறாள். ‘சேற்றில் நிற்பதற்கா பட்டம்?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
- ஒரு தாயார், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, சேற்றில் நிற்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சேற்றில்தான் இத்தொழிலின் அறிவு முழுவதும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆற்றின் நலத்தை அளக்க ‘சாஸ் 5’ என்னும் முறையைக் கையாள்கிறார்கள். கற்களுக்கடியிலும் கரையோரச் செடிகளிலும் மணலிலும் வலையிட்டுப் பிடித்த சிற்றுயிர்களைத் தட்டில் கொட்டி, கரையிலேயே குடும்பவாரியாக அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 15 வரை மதிப்பெண் இடுவார்கள். சாக்கடை நீரையும் தாங்கும் புழுக்களுக்கு 1. தூய நீரில் மட்டுமே வாழ்பவற்றுக்கு மிக உயர்ந்த மதிப்பெண். நீரை ஒருமுறை சோதித்தால் அந்த நேரத்து நிலை மட்டுமே தெரியும். இவ்வுயிர்களோ கடந்த பல வாரங்களின் கதையைச் சொல்லும்.

நிலையத் தலைவரின் வேலை வேறு. ஆட்கள் மாறினாலும் அளக்கும் முறை மாறாமல் பார்த்துக்கொள்வதே அதன் சாரம். முறை மாறினால் பத்தாண்டுப் பதிவேடும் ஒப்பிடப் பயன்படாது. ஆறு பெருகும் நாளில் ஊழியரை நீரில் இறக்குவதா என்று முடிவெடுப்பதும் அவர் பொறுப்பே. டர்பனின் உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் எழுப்பிய கோயிலை 1905இல் வெள்ளம் கொண்டுபோனதையும், இங்கே 2022 ஏப்ரலில் வந்த வெள்ளத்தையும் அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மானியத்துக்கு எழுதுவது, வண்டி பழுது, கணக்கு என நாட்களில் பாதி மேசையிலேயே கழியும். அதை விரும்பாதவர் நல்ல ஆய்வாளராகலாம், நல்ல தலைவராவது கடினம்.

வேலைக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கச் சொல்கிறது; அளவீடு இல்லாமல் அந்த ஒதுக்கீட்டை எவராலும் கணக்கிட முடியாது. ஆயினும் நீண்டகாலக் கண்காணிப்புக்கான நிதி எப்போதும் தட்டுப்பாடே, ஒப்பந்தப் பணிகளும் மிகுதி.

இளங்கலையோடு நிறுத்திவிடாமல், அதற்கு அடுத்த ஓராண்டுப் படிப்பான ஹானர்ஸையும் முடிக்கச் சொல்லுங்கள். அதன்பின் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் தொழில்முறை இயற்கை அறிவியலாளராகப் பதிவு பெற விண்ணப்பிக்கலாம். தலைமைப் பதவிக்கு முனைவர் பட்டம் பெரிதும் உதவும். வாகன ஓட்டுநர் உரிமமும் ஓரளவு ஸூலு மொழியும் இப்போதே தேவை. பொதுமக்களுக்கென எளிமையாக்கிய ‘மினிசாஸ்’ முறையை, சாட்ஸ்வொர்த்தை ஒட்டி ஓடும் உம்லதுசானா ஆற்றிலேயே, துணையோடு சென்று, அவள் பழகத் தொடங்கலாம்.