பிஞ்சு உடலைத் திறக்காமலே காரணம் தெரியுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகளுக்கு 37ஆம் வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம் செய்யச் சம்மதமா என்று கேட்கிறார்கள். குழந்தை மேல் கத்தி படக்கூடாது என்று மகள் அழுகிறாள். காரணம் தெரிந்தாக வேண்டும் என்கிறார் மருமகன். ஸ்கேன் மட்டும் போதுமா?

பதில்: அம்மா, கத்தி படாமலே நிறையக் கண்டுபிடிக்கலாம். 2013இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 24 வாரத்துக்குப் பிறகு வயிற்றில் இறந்த 92 சிசுக்களில் 88 பேருக்கு, உடலைத் திறக்காத பரிசோதனையும் முழுப் பரிசோதனையும் ஒரே முடிவைத்தான் சொல்லின. ஆனால் அது வெறும் எம்.ஆர்.ஐ. அல்ல. வெளிப்புறப் பரிசோதனை, ரத்தம், மரபணு, நஞ்சுக்கொடி எல்லாம் சேர்ந்த முடிவு.

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் நேரும் மரணத்துக்குப் பதில் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில்தான் கிடைக்கிறது: முன்கூட்டியே பிரிந்திருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். அதைச் சோதிக்கக் குழந்தையைத் தொடவே வேண்டாம். மற்ற எதை மறுத்தாலும் இதை மறுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டபின் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. அதற்கு முன்பே துண்டு எடுத்தார்களா என்று இன்றே கேட்கட்டும்.

எம்.ஆர்.ஐ. மூளையையும் முதுகுத்தண்டையும் நன்றாகக் காட்டும். இதயத்தின் சிறு ஓட்டை, நுரையீரல் தொற்று, வளர்சிதை மாற்ற நோய் (உடலின் ரசாயன வேலைகளில் வரும் கோளாறு) ஆகியவை தப்பிவிடலாம். சந்தேகம் அந்தப் பக்கம் இருந்தால் ஊசியால் திசு எடுக்கச் சம்மதிக்கலாம். சிறு உறுப்புகளில் ஊசி குறி தவறுவதும், வந்த துணுக்கு போதாமல் போவதும் உண்டு. சிறு துளை வழியே கேமரா விட்டுத் திசு எடுக்கும் முறை சில மையங்களில் மட்டுமே இருக்கிறது. அதனால் “எதைத் தேடுகிறீர்கள்?” என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

தகனத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் சில நாள் தள்ளும். அதுவரை குளிரில் வைக்கலாம், உறைய விடக்கூடாது; பனித்துகள் திசுவைச் சிதைத்துவிடும்.

லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளின் உறுப்புகளை எடுத்து வைத்திருந்தது வெளிவந்த பிறகு, 2004இல் இங்கிலாந்தில் சட்டமே மாறியது. முழுமையாகவோ, ஓர் உறுப்பு மட்டுமோ, ஸ்கேன் மட்டுமோ என்று தனித்தனியாகச் சம்மதிக்கலாம். எடுத்த திசுவைப் பிறகு என்ன செய்வது என்பதையும் எழுதித் தரலாம். மனம் மாறினால் எந்த நேரத்துக்குள், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் படிவத்தில் குறித்து வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.